ஹைதராபாத் அணைகள் முதல் கேஆர்எஸ் வரை: விஸ்வேஸ்வரய்யாவின் வாழ்க்கை சொல்லும் தண்ணீர் கணக்கு என்ன?

செப்டம்பர் 15 வந்தால் போதும். லிங்க்ட்இன், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: மைசூர் தலைப்பாகை, கோட்டு, மூக்குக்கண்ணாடி, கறாரான பார்வை. சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. அவருடைய பிறந்தநாளைத்தான் இந்தியா பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறது.

படத்தோடு வரும் கதைகளில் அவர் அணை கட்டினார், பாரத ரத்னா வாங்கினார், நேரம் தவறாதவர் என்பதெல்லாம் இருக்கும். ஒரு விஷயம் மட்டும் இருக்காது. தண்ணீரைச் சேர்த்து வைப்பது எப்படி என்று யோசித்த அவர், அதை யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்றும் யோசித்தார். இந்த இரண்டாவது கேள்விக்கு அவர் கொடுத்த பதிலைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. கச்சிபவுலி, நானக்ராம்குடா பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு கோடை வந்தால் டேங்கர் லாரி பழக்கம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது உஸ்மான் சாகர் ஏரி. விஸ்வேஸ்வரய்யா கொடுத்த திட்டத்தில் பிறந்த ஏரி அது. ஏரி பக்கத்திலேயே இருக்கும்போது டேங்கர் ஏன் வருகிறது? அவர் வாழ்க்கை வழியாகவே இதைப் பார்க்கலாம்.

1908: மூசி நதி ஊருக்குள் வந்த நாள்

1908 செப்டம்பர் 28. ஹைதராபாத் நடுவே ஓடும் மூசி நதி கரையை உடைத்துக்கொண்டு நகருக்குள் புகுந்தது. அப்சல் பாலம், முஸ்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் மூன்றும் போயின. குதுப் ஷாஹி காலத்துப் புரானாபுல் மட்டும் நின்றது. சுமார் 15,000 பேர் இறந்ததாகக் கணக்கு. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிய சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். அந்த மரம் இன்றும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது.

அந்த நேரத்தில் விஸ்வேஸ்வரய்யா இந்தியாவிலேயே இல்லை. பம்பாய் மாகாண அரசு வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தார். நிஜாம் அரசின் தந்தி இத்தாலியில் அவரைத் தேடிப் பிடித்தது. பயணத்தை முடித்துவிட்டு 1909 ஏப்ரலில் ஹைதராபாத் வந்து சேர்ந்தார்.

நிஜாம் ஏன் இவரைத் தேடினார்? அதற்கு முந்தைய 25 ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

ட்யூஷன் எடுத்துப் படித்த பையன்

1861-இல் இன்றைய கர்நாடகாவின் சிக்கபள்ளாபூர் பக்கத்து முத்தேனஹள்ளியில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் ஆந்திராவின் மோக்ஷகுண்டம் கிராமம். பெயரின் முன்பாதி அங்கிருந்து வந்ததுதான். அப்பா சமஸ்கிருத பண்டிதர். அவர் சீக்கிரமே இறந்துவிட, வசதி இல்லாத வீட்டுப் பையன் பெங்களூருக்குப் போய், பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டே சென்ட்ரல் கல்லூரியில் படித்தார். 1881-இல் பி.ஏ. முடித்தார். பிறகு மைசூர் அரசின் உதவித்தொகையில் புனே பொறியியல் கல்லூரி. 1883-இல் பொறியியல் தேர்வில் முதலிடம். அடுத்த வருடம் பம்பாய் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை.

1890-களின் நடுவில் சிந்து மாகாணத்தின் சுக்கூர் நகருக்குக் குடிநீர் கொடுக்கும் வேலை அவரிடம் வந்தது. சிந்து நதி முழுக்கச் சேறு. வடிகட்டும் தொட்டி கட்ட நகராட்சியிடம் காசு இல்லை. அவர் ஆற்று மணலிலேயே கிணறு வெட்டினார். மணல் வழியாக ஊறி வரும் தண்ணீர் தானாகவே தெளிந்துவிடும், அதை மேலே ஏற்றினால் போதும் என்பது கணக்கு. வைகை, பாலாறு ஓரம் ஊற்று தோண்டிக் குடித்த ஊர்க்காரர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

அடுத்து புனே அருகே கடக்வாஸ்லா ஏரி. கூடுதல் தண்ணீர் வேண்டும், ஆனால் அணையை உயர்த்துவது ஆபத்து, செலவும் அதிகம். அவர் உபரிநீர் வழியும் இடத்தில் தானியங்கி மதகுகளை வைத்தார். நீர்மட்டம் ஓர் அளவைத் தாண்டினால் மதகு தானே திறக்கும், இறங்கினால் தானே மூடும். 1903-இல் இது நடைமுறைக்கு வந்தது. சுவரை உயர்த்தாமலே சுமார் 8 அடி கூடுதலாக நீர் நிறுத்த முடிந்தது. பின்னாளில் குவாலியரிலும் மைசூரிலும் இதே மதகுகள் வந்தன.

இதுவரை பார்த்தது எல்லாம் தண்ணீர் வரவைக் கூட்டும் வேலை.

செலவைக் கைவைத்த ஒரே திட்டம்

தக்காணத்தில் நீரா கால்வாய் 1880-களில் திறக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் வறண்ட கிராமங்களைக் காப்பாற்றத்தான் அது வெட்டப்பட்டது. நடந்தது வேறு. மழை நல்லா பெய்த வருடங்களில் பெரும்பாலான விவசாயிகள் காசு கொடுத்துக் கால்வாய் நீர் எடுக்கவில்லை. கால்வாயின் தலைப்பகுதியில் நிலம் வைத்திருந்தவர்கள் மட்டும் வருடம் முழுக்கத் தண்ணீர் எடுத்துக் கரும்பு போட்டார்கள். அளவுக்கு மீறிப் பாய்ந்த தண்ணீர் மண்ணில் தேங்கியது. நிலம் உவரானது, காய்ச்சல் பரவியது. கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

1900-ஐ ஒட்டிய வருடங்களில் விஸ்வேஸ்வரய்யா இதற்கு ஒரு வழி சொன்னார். அதன் பெயர் பிளாக் முறை. ஒவ்வொரு கிராமத்திலும் குறிப்பிட்ட பரப்பை ஒரு பிளாக்காகப் பிரிக்க வேண்டும். கால்வாய் நீர் அந்தப் பரப்புக்கு மட்டும்தான். அதிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் கரும்பு மாதிரி அதிக நீர் குடிக்கும் பயிர். மீதியில் குறைந்த நீர் கேட்கும் பருவப் பயிர். வருடா வருடம் இவை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பலன் என்ன? அதே தண்ணீர் அதிக கிராமங்களுக்குப் போகும். மண் உவராகாது. அரசுக்கும் நிலையான வருமானம். கரும்பு விவசாயிகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. அது எதிர்பார்த்ததுதான், அவர்களுக்குத்தான் இழப்பு. ஆனாலும் தக்காணக் கால்வாய்களில் இந்த முறை கொண்டுவரப்பட்டது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். ஒரு நாட்டின் தண்ணீர் செலவைக் கூட்டுவது மக்கள்தொகைதான் என்று பொதுவாக நினைக்கிறோம். அரசு அடிக்கடி வெளியிடும் ஓர் எண்ணும் அதையே சொல்வதுபோல் இருக்கும்: ஆளுக்கு வருடத்துக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்ற கணக்கு. 1951-இல் 5,177 கன மீட்டர், 2011-இல் 1,545 கன மீட்டர். ஆனால் இந்த எண் குறைவதற்குக் காரணம், இருக்கும் நீரைக் கூடுதல் தலைகளால் வகுப்பது மட்டுமே. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அது சொல்லாது.

இந்தியாவில் எடுக்கப்படும் நீரில் சுமார் 90 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அதனால் எந்தப் பயிர், எந்த விலை, யாருக்கு முன்னுரிமை என்பதுதான் மொத்தச் செலவைத் தீர்மானிக்கிறது. நீரா கால்வாயில் நாற்பது வயது பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தது இதைத்தான்.

788 ஏரிகள், 221 உடைப்புகள்

இந்த அனுபவத்தோடுதான் அவர் ஹைதராபாத் வந்தார். முதலில் அவர் தேடியது தரவு. எங்கே எவ்வளவு மழை பெய்தது, எந்த ஓடை எங்கே சேர்கிறது, எந்த ஏரி எப்போது உடைந்தது என்று விவரம் சேகரித்தார். மூசிப் படுகையில் நகருக்கு மேலே 788 ஏரிகள் இருந்தன. அவற்றில் 221 ஏரிகள் உடைந்திருந்தன. மழை மட்டும் நகரை மூழ்கடிக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக உடைந்த ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்தே வந்தது.

1909 அக்டோபரில் அறிக்கை கொடுத்தார். நகருக்குள் எவ்வளவு உயரச் சுவர் எழுப்பினாலும் போதாது, வெள்ளத்தை மேலேயே பிடித்து நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மூசியில் ஒன்று, அதன் துணை நதியான ஈசியில் ஒன்று என இரண்டு அணைகள். கூடவே நகருக்குள் கரையோரத் தோட்டங்கள், கழிவுநீர் வடிகால்.

மூசியில் கண்டிப்பேட்டை கிராமத்தருகே உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது. ஈசியில் ஹிமாயத் சாகர் 1927-இல் முடிந்தது. அவர் திட்டம் கொடுத்தார், கட்டியவர்கள் வேறு பொறியாளர்கள். வெள்ளத்துக்காகக் கட்டிய ஏரிகள் நகரின் குடிநீர் ஏரிகளாகவும் ஆயின. கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவர்கள் ஹைதராபாத்தை விட்டுப் போகமாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு.

ஆனால் இதில் ஒரு முரண்பாடு உள்ளேயே இருக்கிறது. வெள்ளம் தடுக்கும் ஏரி மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். குடிநீர் ஏரி நிறைந்திருக்க வேண்டும். நகரம் வளர வளர, ஏரியை நிறைத்தே வைக்கும் ஆசை ஜெயிக்கும். அப்போது பெருமழை வந்தால் மதகைத் திறக்க வேண்டியதுதான். 2020 அக்டோபர் மழையில் ஹிமாயத் சாகர் மதகுகள் திறக்கப்பட்டதை ஹைதராபாத்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு சின்ன கணக்கு

உஸ்மான் சாகரின் கொள்ளளவு சுமார் 3.9 டிஎம்சி, ஹிமாயத் சாகரின் கொள்ளளவு சுமார் 2.97 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். இரண்டு ஏரியும் நிறைந்தால் ஏறக்குறைய 19,400 கோடி லிட்டர்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமான அளவுகோல். 1911-இல் ஹைதராபாத் மக்கள்தொகை சுமார் 5 லட்சம். இந்த அளவுப்படி கொடுத்தால், ஆவியாவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், இரண்டு ஏரித் தண்ணீர் ஏழு வருடங்களுக்கு மேல் வந்திருக்கும். இன்று நகரில் 1 கோடி பேர் என்று வைத்தால் சுமார் 144 நாள்.

சரி, அப்போ மக்கள்தொகைதானே காரணம்? பாதி உண்மை. ஹைதராபாத் 1965 முதல் மஞ்சீராவிலிருந்தும், பிறகு சிங்கூரிலிருந்தும் நீர் எடுத்தது. 2000-களில் கிருஷ்ணா நீர் வந்தது. 2015 வாக்கில் கோதாவரி வந்தது. கிருஷ்ணா, கோதாவரி இரண்டுமே 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பம்ப் போட்டு மேலே ஏற்றிக் கொண்டுவரப்படுகின்றன. தூரத்து நதியிலிருந்து தண்ணீர் வந்ததும் பக்கத்து ஏரியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

1996-இல் இரண்டு ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் 84 கிராமங்களில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தி ஓர் அரசாணை வந்தது. அரசாணை 111 என்று ஹைதராபாத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த சில வருடங்களில் நகரம் சைபராபாத் பக்கமாக, அதாவது இந்த ஏரிகள் இருக்கும் மேற்குத் திசையில் வளர்ந்தது. நிலத்தின் விலை ஏறியது. 2022-இல் மாநில அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நகரின் குடிநீருக்கு இந்த ஏரிகள் இப்போது பெரிதாகத் தேவைப்படவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இங்கே ஏரியின் தலையெழுத்தை மாற்றியது மக்கள்தொகையோடு சேர்ந்து நிலவிலையும்தான்.

தங்கச் சுரங்கத்துக்கு கரண்ட்: கேஆர்எஸ் பிறந்த கதை

ஹைதராபாத் அறிக்கை கொடுத்த கையோடு 1909 நவம்பரில் விஸ்வேஸ்வரய்யா மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். தமிழ்நாட்டைத் தொடும் கதை இங்கே ஆரம்பிக்கிறது.

1902 முதல் சிவசமுத்திரம் அருவியில் தயாரான மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வேலை பார்த்த சுரங்கங்கள் அவை. கோடையில் காவிரி மெலிந்தால் கரண்ட் குறையும். வருடம் முழுக்கச் சீராகத் தண்ணீர் விட ஓர் அணை தேவைப்பட்டது. மண்டியா பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் பாசனமும் கிடைக்கும் என்று இரண்டையும் சேர்த்துத் திட்டம் போட்டார். கிருஷ்ணராஜ சாகர் அணை, சுருக்கமாகக் கேஆர்எஸ். ஊர்வழக்கில் கண்ணம்பாடி அணை. அந்தப் பெயர் கொண்ட கிராமம் உட்படப் பல கிராமங்கள் நீருக்குள் போயின.

கீழே இருந்த மதராஸ் மாகாணம் ஒப்புக்கொள்ளவில்லை. 1892 ஒப்பந்தப்படி புதிய அணைக்கு மதராஸின் சம்மதம் வேண்டும். விஸ்வேஸ்வரய்யா கேட்டது சுமார் 41.5 டிஎம்சி. மதராஸ் சம்மதித்தது 11 டிஎம்சிக்கு மட்டும். 1911-இல் வேலை தொடங்கியது. ஆனால் அஸ்திவாரம் முழு அளவுக்கே போடப்பட்டது. அனுமதி பிறகு வரும், அஸ்திவாரத்தைப் பிறகு அகலப்படுத்த முடியாது என்பது மைசூரின் கணக்கு. மதராஸுக்கு அது வாக்கு மீறல்.

1914-இல் நடுவர் கிரிஃபின் மைசூருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார். மதராஸ் மேல்முறையீடு செய்தது. கடைசியில் 1924 ஒப்பந்தம் வந்தது. மைசூருக்குக் கேஆர்எஸ், மதராஸுக்கு மேட்டூர். 1930-களின் தொடக்கத்தில் இரண்டு அணைகளுமே முடிந்தன. இன்று கேஆர்எஸ்ஸின் கொள்ளளவு சுமார் 49 டிஎம்சி, மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி.

அணை கட்டினால் தேவை குறையுமா?

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். இரண்டு தரப்பும் பழைய பாசனத்தைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. புதிய பாசனப் பரப்பையும் கேட்டு வாங்கின. மேட்டூரால் மதராஸுக்கு 3,01,000 ஏக்கர், கேஆர்எஸ்ஸால் மைசூருக்கு 1,25,000 ஏக்கர். சேமிப்பு கூடியதுமே அதற்கான செலவும் தயாராகிவிட்டது.

கேழ்வரகு விளைந்த மண்டியா நிலங்களில் கால்வாய் வந்த பிறகு நெல்லும் கரும்பும் ஏறின. 1932-இல் இந்திய அரசு சர்க்கரைத் தொழிலுக்கு இறக்குமதி வரிப் பாதுகாப்பு கொடுத்தது. அடுத்த வருடமே மண்டியாவில் சர்க்கரை ஆலை வந்தது. ஆலை இருந்தால் கரும்பு வேண்டும், கரும்பு இருந்தால் வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். ஆக, டெல்லியில் போட்ட ஒரு வரி காவிரியின் நீர்த்தேவையை மாற்றியது.

அவர் பிளாக் முறை கொண்டுவந்த தக்காணத்திலும் அதே கதைதான். சர்க்கரை ஆலைகள் பெருகின. இன்று மகாராஷ்டிராவில் சாகுபடிப் பரப்பில் சுமார் 4 சதவீதம் உள்ள கரும்பு, பாசன நீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்பது அரசு விலை ஆணையத்தின் அறிக்கைகளிலேயே வந்த மதிப்பீடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரும்பு வேண்டாம் என்று ஒருவர் நூறு வருடத்துக்கு முன்னாலேயே கோடு போட்ட மண் அது.

காவிரியில் அடுத்த மாற்றம் பெங்களூரு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகா விட வேண்டிய அளவை 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 10 டிஎம்சிக்குக் காரணம் டெல்டாவின் நிலத்தடி நீர். மீதி 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீர், வீட்டு உபயோகத்துக்கு. அந்த நகரத்தில் வேலை பார்க்கும் தமிழர்களும் அந்த 4.75-இல்தான் குளிக்கிறோம், துணி துவைக்கிறோம். மேலே உள்ளவர், கீழே உள்ளவர் என்ற பிரிவு அவ்வளவு சுலபமாக நமக்குப் பொருந்தாது.

தண்ணீரைப் பகிர்ந்தவர், வேலையைப் பகிர மறுத்தவர்

1912-இல் விஸ்வேஸ்வரய்யா மைசூரின் திவான் ஆனார். அந்த ஆறு வருடங்களில் மைசூர் வங்கியும் மைசூர் பல்கலைக்கழகமும் வந்தன. பத்ராவதி இரும்பாலைக்கும் வழி போடப்பட்டது. 1915-இல் சர் பட்டம்.

1918-இல் அரசு வேலைகளில் பிராமணர் அல்லாதோருக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அதை ஆராய மில்லர் குழுவை அமைத்தார். விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. தகுதி மட்டுமே அளவுகோல், கல்வியைப் பரப்பினால் போதும் என்பது அவர் நிலைப்பாடு. அந்த வருடக் கடைசியில் பதவி விலகினார்.

இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. கால்வாயின் தலைப்பகுதியில் இருப்பவன் மட்டும் எல்லாத் தண்ணீரையும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை, கடைமடைக்குப் பங்கு வேண்டும் என்று விதி எழுதிய மனிதர் அவர். அரசு வேலையிலும் ஒரு தலைப்பகுதி, ஒரு கடைமடை இருந்ததை அவர் ஏற்கவில்லை. தண்ணீர் எங்கே நின்றுவிடுகிறது என்று அளந்தவர், கல்வி எங்கே நின்றுவிடுகிறது என்று அதே அளவுக்கு அளக்கவில்லை.

தொழிலும் ஒரு தண்ணீர்த் திட்டமே

பதவி விலகிய பிறகும் அவர் ஓயவில்லை. பத்ராவதி ஆலையை நிர்வகித்தார். ஹைதராபாத்துக்கு மறுபடியும் ஆலோசனை சொன்னார். 1934-இல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் பற்றிப் புத்தகம் எழுதினார். விவசாயத்தை மட்டும் நம்பியிருக்கும் நாடு முன்னேறாது, தொழிலுக்கு ஆட்கள் நகர வேண்டும் என்பதே அதன் மையம். தொண்ணூறு வயதைத் தாண்டியும் பீகாரில் கங்கைப் பாலத்துக்கு இடம் தேர்வு செய்யப் போனார். 1955-இல் பாரத ரத்னா. 1962 ஏப்ரலில், நூறு வயது நிறைந்த பிறகு, பெங்களூருவில் காலமானார்.

தொழில் வளர்ந்தால் நீர்ச்செலவு கூடத்தானே செய்யும்? கட்டாயமில்லை. அமெரிக்காவின் மொத்த நீர் எடுப்பு 1980-இல் உச்சத்தைத் தொட்டது. 2015-இல் அதைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. இடையில் மக்கள்தொகையும் பொருளாதாரமும் வளர்ந்துகொண்டே இருந்தன. மின் நிலையங்கள் குளிர்விக்கும் நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின. வயலில் வெள்ளமாகப் பாய்ச்சுவது குறைந்து தெளிப்புநீர், சொட்டுநீர் வந்தன. ஆட்கள் கூடினால் செலவு கூடியே தீரும் என்ற விதி ஒன்றும் கிடையாது.

போர்வெல்லுக்கு மதகு கிடையாது

விஸ்வேஸ்வரய்யா இறந்த பிறகுதான் இந்தியாவின் நீர்ச்செலவில் மிகப்பெரிய மாற்றம் நடந்தது. அவர் உலகத்தில் தண்ணீர் கால்வாயில் வந்தது. கால்வாய்க்கு மதகு இருந்தது, மதகில் அதிகாரி இருந்தார். அதனால் விதி போட முடிந்தது. 1960-களுக்குப் பிறகு போர்வெல்லும் மோட்டாரும் வந்தன. இன்று பாசனத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் நிலத்தடி நீர்.

தமிழ்நாட்டில் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஒருங்கிணைந்த ஆந்திராவில் 2004-இல் வந்தது. தெலங்கானாவில் 2018 ஜனவரி முதல் 24 மணி நேரமும் இலவசம். வானம் பார்த்த பூமியில் கடனோடு போராடும் விவசாயிக்கு இது உயிர் மூச்சு. அதை மறுக்க முடியாது. ஆனால் கரண்ட் இலவசம், கொள்முதலுக்கு உறுதியான பயிர் நெல் என்றால், விவசாயி என்ன செய்வார்? நெல்தான் போடுவார். அது அவர் தவறு இல்லை, நாம் எழுதிய விதி அது.

நீரா கால்வாயில் கரும்பு போட்டவர்களும் அப்போதைய விதிக்குள் நியாயமாகத்தான் நடந்தார்கள். அதனால்தான் விஸ்வேஸ்வரய்யா அவர்களைத் திட்டிக்கொண்டிருக்காமல் விதியை மாற்றினார்.

இப்போது என்ன?

அவர் வாழ்க்கையில் தண்ணீர்ச் செலவை மாற்றிய காரணங்களை ஒரு பட்டியலாகப் போட்டால் இப்படி வரும்:

- பயிர்: நீராவிலும் மண்டியாவிலும் கரும்பு
- விலையும் வரியும்: 1932 சர்க்கரைப் பாதுகாப்பு
- மின்சாரம்: அன்று கோலார் சுரங்கம், இன்று போர்வெல் மோட்டார்
- நகரம்: ஹைதராபாத், பெங்களூரு
- நிலவிலை: கண்டிப்பேட்டையைச் சுற்றிய 84 கிராமங்கள்
- ஒப்பந்தமும் தீர்ப்பும்: 1924, 2018

இவற்றில் மழையும் இல்லை, அணையும் இல்லை. அவை வரவைத் தீர்மானிக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் யாரோ எங்கோ எடுத்த முடிவு. எடுத்த முடிவை மாற்றவும் முடியும்.

அவர் பெயரில் இன்று கல்லூரிகள், கால்வாய், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. பிளாக் முறை பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக நின்றுவிட்டது. வரவைக் கூட்டிய பொறியாளரைக் கொண்டாடுகிறோம், செலவுக்கு விதி போட்டவரைக் காணோம்.

அடுத்த முறை உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் டேங்கர் நின்றால், ஓட்டுநரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீர் எந்த ஊர் போர்வெல்லிலிருந்து வருகிறது? அந்த ஊர்தான் உங்கள் கடைமடை.